ஒரு ஆளுக்கு இரண்டு போர்டு

அன்புச்செல்வனின் கம்பெனியில் ஆள் ஒன்று, போர்டு இரண்டு. ஒரு போர்டு திண்டிவனத்தில் அவன் வீட்டு வாசலில் இருந்தது, அக்கா ஜெசிந்தா ஆசையாகச் செய்து மாட்டியது. இன்னொன்று விழுப்புரத்தில் அவன் நண்பன் ஜெகதீசன் வீட்டு கார் ஷெட்டுச் சுவரில் இருந்தது, அவனே காதும் காதும் வைத்தாற்போல் மாட்டியது. அக்காவின் போர்டு பெரிது, ஆனால் சட்டப்படி அதற்கு மதிப்பில்லை. இவனுடையது சிறிது, சட்டம் கேட்பது அதைத்தான். விழுப்புரத்தில் ஒரு போர்டு இருக்கும் சங்கதி அக்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதே இரண்டு மாதமாக அவனுடைய பெரிய வேலையாக இருந்தது. மென்பொருளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்கும் அட்டை என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். முதலாளி, மேனேஜர், புரோகிராமர், டீ வாங்கி வருகிறவர் எல்லாமே அன்புச்செல்வன்தான். சென்னையில் ஆறு வருஷம் அடுத்தவர் கம்பெனிக்கு உழைத்தது போதும் என்று ஊருக்கு வந்தவன், ஷாமியானாவும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற கடைகளுக்காக ஒரு மென்பொருள் எழுதியிருந்தான். ஒரு கல்யாணத்துக்கு எத்தனை குண்டான் போனது, எத்தனை கரண்டி திரும்பவில்லை, எந்த மாப்பிள்ளை வீட்டில் ஜமக்காளம் தங்கிவிட்டது என்பதையெல்லாம் அது செல்போனிலேயே சொல்லிவிடும். விழுப்புரத்தில் மூன்று கடை வைத்திருக்கும் தென்னரசு என்பவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

"நல்லாத்தான் தம்பி இருக்குது. ஆனா எனக்கு ஒழுங்கான பில்லு வேணும், கம்பெனி பேர்ல பேங்க் அக்கவுண்ட் வேணும். உன் செல்லுக்குப் பணம் அனுப்புற வேலையெல்லாம் நம்மகிட்ட ஆவாது" என்றார் அவர். அப்படித்தான் கம்பெனி பிறந்தது.

விழுப்புரத்தில் ஆடிட்டர் வேங்கடேசன் விவரம் சொன்னார். "ஒரே ஆள வச்சே பிரைவேட் லிமிடெட் ஆரம்பிக்கலாம் சார். உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கம்பெனிய எடுத்துக்கறதுக்கு ஒருத்தர் பேர் குடுக்கணும், அவ்வளவுதான். அப்புறம் ஆபீசுக்குன்னு ஒரு அட்ரஸ். அந்த அட்ரஸ்ல கம்பெனி போர்டு வெளிய தெரியற மாதிரி தொங்கணும். கரண்ட் பில்லு குடுங்க. அந்த எடத்து ஓனர்கிட்ட எனக்கு ஆட்சேபணை இல்லன்னு ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க."

செலவுகளை அன்புச்செல்வன் ஒரு நோட்டில் எழுதினான். டிஜிட்டல் கையெழுத்துக்கு ஆயிரத்து எண்ணூறு, பெயர் கேட்டு விண்ணப்பிக்க ஆயிரம், கேட்ட நல்ல பெயர்களையெல்லாம் வேறு யாரோ எடுத்துக்கொண்டதால் மறுபடியும் ஆயிரம், முத்திரைக் கட்டணம் ஐந்நூற்றுச் சொச்சம், ஆடிட்டருக்கு ஏழாயிரத்து ஐந்நூறு, சர்வர் வாடகை மாதம் ஆயிரத்து நானூறு, பேங்க் கணக்கில் தொடாமல் கிடக்க வேண்டியது பத்தாயிரம். கடைசி வரியில் 'ஆபீஸ் – 0' என்று எழுதி, அந்தப் பூஜ்யத்துக்கு ஒரு அடிக்கோடும் போட்டான். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு வாடகை ஏது என்ற பெருமை அதில் இருந்தது.

இத்தனையும் ஜெசிந்தாவின் சீட்டுப் பணம். அவள் அவனுக்குப் பதினோரு வயது மூத்தவள். அப்பா சவுரிராயனும் அம்மா சவுரியம்மாளும் ஊரார் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கி, களை வெட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு தம்பியைப் படிக்க வைத்தவள் அவள்தான். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷமாக நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டுகிற வேலை. வீடும் கரண்ட் பில்லும் அவள் பெயரில்தான். கம்பெனிக்கு வாரிசாகவும் அவளையே போட்டான்.

"நீ செத்தா எனக்குன்னு எழுதற பேப்பர்ல நானே கையெழுத்து போடணுமா? இன்னாடா பேஜாரு இது" என்றாள்.

"சும்மா ஃபார்மாலிட்டிக்குக்கா."

"ஃபார்மாலிட்டிக்கும் சாவாத" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாளில் அவன் இருப்பிடம் என்று வீட்டு முகவரி இருந்ததால், ஆபீசும் அதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவன் அதைத் திருத்தவில்லை. ஏனென்றால் அதற்குள் அவன் முகவரியை மாற்றிவிட்டிருந்தான்.

நடந்தது இவ்வளவுதான். விண்ணப்பம் போடுவதற்கு ஒரு வாரம் முன்பு, திண்டிவனத்திலேயே ஒரு பாத்திரக் கடைக்கு விலைப்பட்டியல் எடுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் "வாங்க தம்பி, உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா" என்று உபசரித்து, தாளை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தார். அடியில் முகவரி. அந்தோணியார் கோயில் காலனி. அவர் விரல் அங்கே நின்றது.

"காலனியா" என்றார். பிறகு தாளை மேஜைமேல் வைத்தார். "சரி, வச்சுட்டுப் போ. பாத்துட்டு சொல்றேன்."

ஒரே தாளைப் படித்து முடிப்பதற்குள் 'வாங்க' போய் 'போ' வந்துவிட்டது. டீ வரவில்லை. அன்புச்செல்வன் அவரிடம் சண்டை போட்டிருக்கலாம், தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். அவன் செய்தது என்னவென்றால், "சரிங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனால் கோபம் கடைக்காரர்மேல் போக வேண்டியதிருக்க, அது எப்படியோ வழி தவறிச் சொந்தத் தெருவின்மேல் போய் இறங்கிவிட்டது. அன்று இரவே ஜெகதீசனுக்குப் போன் செய்தான்.

ஜெகதீசன் கல்லூரியில் நான்கு வருஷம் ஒரே பெஞ்ச். செஞ்சிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், விழுப்புரத்தில் நல்ல தெருவில் மாடி வீடு. "இதுக்கு இன்னாடா இவ்ளோ தயங்குற, அப்பாகிட்ட கையெழுத்து வாங்கித் தர்றேன். வாடகையெல்லாம் பேசுனா ஒதைப்பேன்" என்றான். அவன் அப்பா அரங்கநாதன் கரண்ட் பில்லையும் கொடுத்து, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்த வீட்டுக்கு அன்புச்செல்வன் எத்தனையோ முறை போயிருக்கிறான். கார் ஷெட்டில் கேரம் போர்டு இருக்கும், சாயங்காலம் வரை ஆடுவார்கள், ஜெகதீசனின் அம்மா பாஞ்சாலி காபி கொடுத்தனுப்புவார். நோட்டில் ஆபீஸ் வரியை அவன் திருத்த வேண்டியிருக்கவில்லை. பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

கம்பெனிக்குக் குண்டான் சாஃப்ட்வேர் என்று பெயர் கிடைத்தது. பதிவுச் சான்றிதழ் செல்போனில் வந்த அன்று ஜெசிந்தா கடையில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாள். போர்டு மாட்ட வேண்டும் என்று சட்டம் இருப்பதை அவனே ஒருமுறை வாய் தவறிச் சொல்லியிருந்தான். மறு வாரம் மூன்றடி நீளத்தில் ஒரு நீல போர்டு வீட்டுக்கு வந்து இறங்கியது. கம்பெனி பெயர், அதன்கீழ் பதிவு அலுவலகம், அதன்கீழ் கதவு எண், அந்தோணியார் கோயில் காலனி, திண்டிவனம். காலனி என்ற சொல்லும் மற்ற சொற்களின் அளவிலேயே இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அவளே ஆணி அடித்தாள்.

"நேரா இருக்குதாடா?" என்று கேட்டாள்.

"இருக்குதுக்கா" என்றான் அவன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு அண்ணாந்து பார்க்கத் துணிவில்லை.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்பான். ஆனால் கணக்குத் திறக்கும் முன் பேங்கிலிருந்து ஆள் வந்து ஆபீசைப் பார்த்துப் போட்டோ எடுப்பார்கள் என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. வியாழக்கிழமை சாப்பிடும்போது செல்போனில் அந்தச் செய்தியை ஜெசிந்தா எட்டிப் பார்த்துவிட்டாள்.

"பேங்க்லேர்ந்து வர்றாங்களா? நாளைக்கா?"

"ஆமா... சும்மா பாத்துட்டுப் போவாங்க. நான் காலைல விழுப்புரம் போயிட்டு அவரையும் கூட்டிக்கினு வந்துடறேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தான். வந்த பிறகு ஆள் வரவில்லை, தேதி தள்ளிவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

வெள்ளிக்கிழமை ஜெகதீசன் வீட்டு வாசலில் அவன் இருபது நிமிஷம் முன்னதாகவே நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை. பேங்க் ஆள் பிரவீன்குமார் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பான், வெயிலில் பைக் ஓட்டி வந்ததில் முகம் கறுத்திருந்தது. ஷெட்டுச் சுவரில் இருந்த சிறிய போர்டைச் செல்போனில் படம் பிடித்தான்.

"போர்டு ஓகே சார். இனிமே ஆபீசுக்குள்ள நீங்க உக்காந்து வேலை செய்யற மாதிரி ரெண்டு போட்டோ. அவ்ளோதான், அஞ்சு நிமிஷம்" என்றான்.

சத்தம் கேட்டுப் பாஞ்சாலி வெளியே வந்தார். நல்ல மனுஷி, முகம் நிறையச் சிரிப்பு. "வெயில்ல நிக்கிறீங்களே தம்பி, உள்ள வாங்க, மோர் குடிக்கலாம்" என்று பிரவீன்குமாரை அழைத்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். அன்புச்செல்வனும் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பின்னால் ஒரு படி ஏறினான்.

"நீ இரு தம்பி. ஜெகதீசன் உனக்கு ஷெட்டுல சேர் எடுத்துப் போடுவான். உள்ள எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குது" என்றார் பாஞ்சாலி. குரலில் கடுமை ஒரு துளியும் இல்லை. காபி வேண்டுமா என்று கேட்கிற அதே குரல்.

அவன் ஏறிய படியிலேயே நின்றான். திறந்திருந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது. எதுவும் போட்டது போட்டபடி கிடக்கவில்லை, துடைத்து வைத்தாற்போல் இருந்தது. மின்விசிறிக்கு நேர்கீழே, அதற்கென்றே செய்த ஸ்டாண்டில், கேரம் போர்டு இருந்தது. பக்கத்தில் பவுடர் டப்பா. அது ஷெட்டில் இருக்கிற பொருள் அல்ல, கூடத்தில் இருக்கிற பொருள். அவன் வருகிற நாளில் மட்டும் ஷெட்டுக்கு வருகிற பொருள். நான்கு வருஷமாக வீட்டுக்குள் போகாமல் இருந்தது கேரம் ஷெட்டில் இருந்ததால்தான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அவனைப்போல் மக்கு இந்த ஜில்லாவிலேயே இருக்க முடியாது.

பின்னால் ஜெகதீசன் நின்றான். அவனும் அம்மா சொன்னதைக் கேட்டான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உள்ள வெளிச்சம் பத்தாதுடா, ஷெட்டுல போட்டோ நல்லா வரும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவரப் போனான். நாற்காலியைத் துண்டால் துடைத்தான். ஒருமுறைக்கு மூன்றுமுறை துடைத்தான்.

அன்புச்செல்வன் செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறான். போகவில்லை. பத்தாயிரம் ரூபாயும் தென்னரசின் மூன்று கடையும் காலைக் கட்டிப்போட்டன. கார் பேனட்டுக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே லேப்டாப்பை மடியில் திறந்து வைத்துக்கொண்டு, போட்டோவுக்காகச் சிரிக்கத் தயாரானான். பாத்திரக் கடையில் சிரித்த அதே சிரிப்பு.

மோர் குடித்துவிட்டு வந்த பிரவீன்குமார் அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். "சார், இது ஷெட்டு. ஆபீஸ் ரூம் எது?"

பாஞ்சாலியே பதில் சொன்னார். "ஆபீஸெல்லாம் இங்க இல்ல தம்பி. பையன் கூடப் படிச்ச புள்ள, பாவம், அட்ரஸ் வேணும்னு கேட்டுது. ஒதவின்னு குடுத்தோம். அதுக்குப்போயி உள்ளல்லாம் போட்டோ எடுக்கணுமா?"

அன்புச்செல்வன் லேப்டாப்பை மூடினான். அந்த நேரம் பார்த்துச் செல்போன் அடித்தது. ஜெசிந்தா. துண்டிக்கப் போன அவசரத்தில் எடுத்துவிட்டான், ஒலிபெருக்கியிலேயே.

"தம்பி, எத்தினி மணிக்கு வருவாங்க? நான் அரை நாள் லீவு போட்டுட்டு வந்துட்டேன். வாசலெல்லாம் கழுவி வுட்டுக்கிறேன். கூல்டிரிங்ஸ் வாங்கியாந்தேன்டா, ஜில்லுனு கீது, லேட் ஆச்சுன்னா சூடாயிடும்."

ஷெட்டில் நான்கு பேரும் கேட்டார்கள். "வர்றோம்க்கா" என்று சொல்லி அணைத்தான். ஜெகதீசன் சைக்கிள் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரவீன்குமார் அவனைத் தெருமுனை வரை கூட்டிக்கொண்டு போனான். பைக்கைக் கிளப்பாமல் அதன்மேல் சாய்ந்து நின்றான். "சார், நான் பாத்தத எழுதினா உங்க அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடும். அப்புறம் எந்த பேங்குக்குப் போனாலும் பேஜாரு. அட்ரஸ் மாத்தறாங்கன்னு எழுதி நிறுத்தி வைக்கிறேன், அவ்ளோதான் என்னால முடியும். நீங்க நெஜமா எங்க உக்காந்து வேலை செய்யறீங்களோ அந்த அட்ரஸ குடுங்க. ஓலைக் கொட்டாயா இருந்தாலும் பரவால்ல, எங்களுக்கு அது பிரச்சனையே இல்ல" என்றான். பேங்குக்குப் பிரச்சனை இல்லை. சட்டத்துக்கும் பிரச்சனை இல்லை. இத்தனை நாளும் யாருக்குப் பிரச்சனையாக இருந்தது என்பது அன்புச்செல்வனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தலையை ஆட்டினான்.

ஆடிட்டரிடம் போனில் கேட்டான். "மாத்திடலாம் சார். கம்பெனில ஆள் நீங்க ஒருத்தர்தான, மீட்டிங்கெல்லாம் தேவையில்ல. மாத்தறேன்னு தீர்மான புக்குல நீங்களே எழுதி, நீங்களே கையெழுத்து போட்டுக்கலாம். கவர்மெண்ட் ஃபீசோட என்னுது ரெண்டாயிரத்தி ஐந்நூறு. புது எடத்து ஓனர்கிட்ட மட்டும் ஆட்சேபணை இல்லன்னு லெட்டர் வாங்கியாங்க. இடம் மாத்தறதையும் அதுல சொல்லிடுங்க. கையால எழுதினாலும் போதும்" என்றார் வேங்கடேசன்.

ஒருவனே கூடி ஒருவனே தீர்மானம் போடலாம். ஆனால் அந்தக் கடிதத்தை ஒருவனே எழுதிக்கொள்ள முடியாது. ஓனர் ஜெசிந்தா. அவள் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் எங்கிருந்து எங்கே மாற்றுகிறாய் என்று கேட்பாள். பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்வரை ஒரு பொய் தேடினான். மயிலம் கூட்ரோடு வரை இன்னொன்று தேடினான். அக்கா கேட்டால் நம்பிவிடக்கூடிய பொய்கள் நிறையவே கிடைத்தன. அவள் நம்பிவிடுவாள் என்பதாலேயே ஒவ்வொன்றையும் கைவிட்டான்.

ஆனாலும் மனுஷ புத்தி எங்கே போகும். கடிதத்தை மடியில் வைத்துப் பஸ்ஸிலேயே எழுதினான். புது முகவரி என்ற இடத்தில் கதவு எண்ணைப் போட்டுவிட்டு, 'அந்தோணியார் நகர், திண்டிவனம்' என்று எழுதினான். நகர் என்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. போஸ்ட்மேன் எப்படியும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. வாசல் கழுவிக் காய்ந்திருந்தது. மூன்றடி நீல போர்டை ஈரத்துணியால் துடைத்த தடம் தெரிந்தது. உள்ளே அவன் வேலை செய்கிற மேஜைமேல் புது விரிப்பு, அதன்மேல் கூல்டிரிங்ஸ் பாட்டில், இரண்டு கண்ணாடித் தம்ளர், தட்டில் பிஸ்கட். பாட்டில் வியர்த்து முடித்து, அடியில் விரிப்பு நனைந்திருந்தது. ஜெசிந்தா கடைக்குக் கட்டிக்கொண்டு போகிற சீருடைப் புடவையை மாற்றி, ஈஸ்டருக்கு எடுத்த புடவையில் இருந்தாள்.

"தனியா வர்ற? அவரு எங்க?"

தேதி தள்ளிவிட்டார்கள் என்ற வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. அவன் அந்தப் புடவையைப் பார்த்தான். சொல்ல முடியவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். அவள் நின்றபடியே படித்தாள். பத்தாவது வரை படித்தவள், கடையில் நாள் முழுக்கப் பில் பார்ப்பவள், எழுத்துக் கூட்டாமல் படிப்பாள்.

"அலுவலகத்தை இந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ள ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கிற" என்றாள். "எங்கேர்ந்து மாத்துற?"

"விழுப்புரத்துலேர்ந்து. ஜெகதீசன் வூட்டு அட்ரஸ குடுத்திருந்தேன்."

"எப்பத்திலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் போர்டைப் பார்த்தாள். உள்ளிருந்து பார்த்தால் போர்டின் முதுகுதான் தெரியும், இரண்டு கம்பியும் ஆணியும். "அப்ப இது?"

அவன் பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தான்.

"ஏன்டா?"

"நம்ம தெரு பேரு போட வெக்கமா இருந்துச்சுக்கா" என்றான். வேறு எப்படிச் சொன்னாலும் பூசி மெழுகுவதாகத்தான் இருந்திருக்கும். சொன்ன பிறகு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பாத்திரக் கடையில் பட்டதும் ஷெட்டில் பட்டதும் அடுத்தவர் கொடுத்த அவமானம். இது அவனே செய்து, அவனே சீட்டுப் பணத்தில் கட்டி, அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்த அவமானம்.

ஜெசிந்தா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அழுவாள் என்று பயந்தான். அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பேங்க் ஆளு வந்தப்ப உன்ன உள்ள உக்கார வச்சாங்களா?"

"கார் ஷெட்டுல."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு அது புதுச் சேதி இல்லை என்று அந்தத் தலையாட்டலில் தெரிந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு தம்ளரில் ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினாள். சூடாகிப்போயிருந்தது. அவன் முழுவதையும் குடித்தான்.

பிறகு பேனாவைக் கேட்டாள். கையெழுத்துப் போடக் குனிந்தவள், போடாமல் நிமிர்ந்தாள்.

"அந்தோணியார் நகரா? அது எங்கடா கீது?"

அவனுக்குக் காது வரை சுட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம், இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஒரு நிமிஷம் முன்புதான் நினைத்திருந்தான். மன்னிப்புக் கேட்கக் கொண்டுவந்த தாளிலேயே மறுபடியும் அதே வேலையைச் செய்து வைத்திருந்தான். அதை எழுதியது பஸ்ஸில், யாரும் வற்புறுத்தாமல்.

"கரண்ட் பில்ல எடுத்துக்கினு வா" என்றாள்.

எடுத்துவந்தான். அவள் பில்லைக் கடிதத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள். "இதுல இன்னா போட்டுக்குதோ அதையே எழுது. வேற பேப்பர்ல எழுது. அடிச்சு கிடிச்சுக் குடுக்காத, தள்ளிடுவாங்க."

புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினான். அந்தோணியார் கோயில் என்பது வரை வந்ததும் பேனா தயங்கியது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, பேனா முனையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலனி என்று எழுதினான். அவள் பில்லையும் தாளையும் ஒரு எழுத்து விடாமல் ஒத்துப் பார்த்துவிட்டு, பொறுமையாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"பேங்க் ஆளு மறுபடி எப்ப வருவாரு?"

"செவ்வாக்கெழமை வரச் சொல்லலாம்னு இருக்கேன்க்கா."

"வரச் சொல்லு. அன்னிக்கும் லீவு சொல்லணும், சம்பளத்துல புடிப்பாங்க. உன் செலவு நோட்டுல எழுதிக்கோ."

அவன் நோட்டைத் திறந்தான். கடைசி வரியில் அடிக்கோடு போட்ட பூஜ்யம் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒரு கோடு இழுத்தான். "ஒரு நாளைக்கு எவ்வளவுக்கா?"

"நானூத்தம்பது" என்றாள் ஜெசிந்தா, தம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தபடி. "இன்னிக்கு அரை நாளையும் சேத்து எழுது."

ஆபீஸ் – 675 என்று எழுதினான். எழுதி முடித்த பிறகும் அவள் உள்ளே போகும்வரை நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.